வால்வு ஆம்பா, ஹைப்ரிட் ஆம்பா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர்களைத் திறந்து சரிசெய்வதும் அவற்றில் பாட்டு கேட்பதும் எனக்குப் பல வருடப் பழக்கம். பக்கத்திலேயே ஒரு ஹைப்ரிட் ஆம்பும் வைத்திருக்கிறேன், இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்பதற்காக. இது தெரிந்தவர்கள் ஏதாவது வாங்குவதற்கு முன் என்னிடம் வருவார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன். ஒரு முறை சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறிப்பிட்டிருப்பதால், வரிசையாகப் படிப்பது எளிது.

1. வால்வு ஆம்ப்னா என்ன, ஹைப்ரிட்னா என்ன? அடிப்படையில இருந்து சொல்லுங்க.

ஆம்புக்கு இரண்டு வேலை. பிளேயரிலிருந்து வரும் சின்ன சிக்னலின் வோல்டேஜைப் பெரிதாக்குவது ஒன்று. ஸ்பீக்கரின் கோனை அசைக்கத் தேவையான கரண்டைக் கொடுப்பது இன்னொன்று. வால்வு என்பது காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குழாய்; உள்ளே ஓர் இழை சூடாகி எலக்ட்ரான்களை ஓடவைக்க, அந்த ஓட்டத்தைக் கொண்டு சிக்னலைப் பெரிதாக்கும். முழு வால்வு ஆம்பில் இரண்டையும் வால்வுகளே செய்கின்றன. ஹைப்ரிட்டில் முதல் வேலையை வால்வு செய்யும். இரண்டாவதை ட்ரான்சிஸ்டரோ மாஸ்ஃபெட்டோ, சிலவற்றில் கிளாஸ் டி மாட்யூலோ (ட்ரான்சிஸ்டரை மிக வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஓட்டும் வகை) பார்த்துக்கொள்ளும்.

வால்வு அதிக வோல்டேஜில், குறைந்த கரண்டில் வேலை செய்கிற பொருள். பவர் வால்வுக்கு 400 வோல்ட் போலப் போகும், அதில் ஓடுவதோ சில பத்து மில்லிஆம்பியர்தான். ஸ்பீக்கர் கேட்பது இதற்கு நேர் எதிர். அதனால் நடுவில் ஓர் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்து, பல ஆயிரம் ஓமை 8 ஓமாக மாற்றித் தருகிறது. ட்ரான்சிஸ்டர் கரண்டைத் தாராளமாகக் கொடுக்கும், அதற்கு இந்த ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு வேர் இந்த ட்ரான்ஸ்ஃபார்மர் இருப்பதிலும் இல்லாததிலும்தான் இருக்கிறது.

2. 'விண்டேஜ்'னு எதைச் சொல்றீங்க? பழசு எல்லாமே நல்லதா?

லீ டி ஃபாரஸ்ட் மூன்று முனை வால்வை உருவாக்கியது 1906இல். ஆனால் வீட்டில் கேட்பதற்கான தரமான ஆம்ப்களின் காலம் என்று நான் சொல்வது 1947 முதல் 1960களின் நடுப்பகுதி வரை. 1947இல் வில்லியம்சன் வெளியிட்ட சர்க்யூட் ஒரு தொடக்கம். அப்புறம் 1953இல் குவாட் 2, 1959இல் டைனாக்கோ ஸ்டீரியோ 70, 1961இல் மெக்கின்டாஷ் எம்சி275. டைனாக்கோ சேனலுக்கு 35 வாட், எம்சி275 சேனலுக்கு 75 வாட். 60களின் கடைசியில் ட்ரான்சிஸ்டர் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பழசு எல்லாமே நல்லது இல்லை. அந்தக் காலத்திலும் சின்ன ட்ரான்ஸ்ஃபார்மரைப் போட்டுச் செலவைக் குறைத்த ஆம்ப்கள் ஏராளம். ஸ்டீரியோ இசைத்தட்டு விற்பனைக்கு வந்தது 1958இல்தான், அதற்கு முந்தையவை பெரும்பாலும் மோனோ. ஸ்டீரியோ வேண்டுமென்றால் ஒரே மாதிரி இரண்டு தேட வேண்டும். எடையைப் பாருங்கள்: அதே வாட்டுக்கு எது கனமோ, அதில் இரும்பும் செம்பும் அதிகம் போட்டிருக்கிறார்கள். என் அனுபவத்தில் அந்த எடை காதுக்குத் தெரிகிறது.

3. சவுண்ட்ல என்னதான் வித்தியாசம்? எல்லாரும் 'வார்ம்'னு சொல்றாங்களே?

'வார்ம்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனி விஷயங்கள் இருக்கின்றன. ஹைப்ரிட்டுக்கு மாறும்போது மூன்றும் சேர்ந்து வருவதில்லை என்பதால் பிரித்தே பார்ப்போம். முதலாவது ஹார்மோனிக். எந்த ஆம்பும் கொடுத்த ஸ்வரத்தோடு தன் பங்குக்கும் கொஞ்சம் கலந்துதான் வெளியே விடும். இரண்டாம் ஹார்மோனிக் என்பது அதே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி. காது அதை வேற்றாளாக நினைப்பதில்லை, குரல் கொஞ்சம் நிறைவானதாக உணர்கிறது. மூன்றாவது, மேல் ஸ்தாயிப் பஞ்சமம். அதற்கும் மேலே போகப் போக உறவு விட்டுப்போய், ஒலி கரகரக்கும். ஒற்றை வால்வு அவுட்புட்டில் இரண்டாவது தூக்கலாக இருக்கும். ஆனால் இரண்டு வால்வுகள் மாறி மாறித் தள்ளும் புஷ்-புல் அமைப்பில் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். மேலே பெயர் சொன்ன நான்கும் புஷ்-புல்தான். ஆகவே 'இரண்டாம் ஹார்மோனிக்கால்தான் இனிமை' என்பது எல்லா வால்வு ஆம்புக்கும் பொருந்தாது.

இரண்டாவது, சக்திக்கு மீறும்போது நடப்பது. ஃபீட்பேக் (வெளியே போவதில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விட்டுப் பிழையைத் திருத்தும் ஏற்பாடு) குறைவான வால்வு ஆம்ப் அலையின் உச்சியை மெல்ல மழுக்கும். ட்ரான்சிஸ்டர் கத்தரிக்கோல் வைத்தது போல வெட்டும். மூன்றாவது, பலர் கவனிக்காத அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் ஆம்பே காட்டும் மின்தடை. ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கும் ஆம்பில் இது 1 ஓம் அளவுக்குச் சாதாரணமாகவே வரும், ஃபீட்பேக் குறைந்தவற்றில் 2, 3 ஓம்கூட. உங்கள் ஸ்பீக்கர் '8 ஓம்' என்று எழுதியிருந்தாலும், பேஸிலிருந்து ட்ரெபிள்வரை போகும்போது ஓரிடத்தில் 4 ஓமும் இன்னோரிடத்தில் 20 ஓமும் காட்டும். 1 ஓம் ஆம்போடு அதைச் சேர்த்தால், 20 ஓம் காட்டும் இடத்தில் 4 ஓம் இடத்தைவிட ஏறக்குறைய 1.5 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும். 0.05 ஓம் இருக்கும் ஹைப்ரிட்டில் அதே வித்தியாசம் 0.1 டெசிபெல்கூட இல்லை.

அதாவது, வால்வு ஆம்ப் உங்கள் ஸ்பீக்கரோடு சேர்ந்து ஒரு டோன் கண்ட்ரோல் போல நடந்துகொள்கிறது. பேஸ் கொஞ்சம் பரந்து தளர்வதும், குரல் முன்னால் வருவதும் பெரும்பாலும் இதனால்தான். ஒருவர் வீட்டில் மயக்கிய ஆம்ப் இன்னொருவர் வீட்டில் சாதாரணமாகப் போவதும் இதனால்தான்.

4. அப்போ ஹைப்ரிட்ல வால்வு சவுண்ட் வருமா, வராதா?

மேலே சொன்ன மூன்றில், கடைசி இரண்டும் அவுட்புட் பக்கத்தைச் சேர்ந்தவை. ஹைப்ரிட்டில் அங்கே வால்வே இல்லை. எனவே பழைய ஆம்பின் முழுக் குணத்தை அது தராது. முதலாவது மட்டும் வரலாம், அதுவும் வடிவமைத்தவர் விரும்பினால்தான். முன்பக்க வால்வு கையாள்வது சின்ன சிக்னல். அதற்குப் போதுமான வோல்டேஜ் கொடுத்தால் ஹார்மோனிக் மிகக் குறைவாகவே கலக்கும். வேண்டுமென்றே 12 முதல் 48 வோல்ட் வரை மட்டும் கொடுத்து, நிறம் தெரியும்படி ஓட்டுவோரும் உண்டு. வால்வையும் சேர்த்து வெளியிலிருந்து ஃபீட்பேக் சுற்றிவிட்டால் அந்த நிறமும் பெருமளவு அழிந்துபோகும்.

அதனால் நல்ல ஹைப்ரிட் என்பது என் காதுக்கு, நல்ல ட்ரான்சிஸ்டர் ஆம்ப், கூடவே குரலிலும் வயலினிலும் ஒரு சின்ன மென்மை. மிருதங்கத்தின் தொப்பி, டபுள் பேஸ் எல்லாம் கட்டுக்குள் இருக்கும், அந்த இடத்தில் என் பழைய ஆம்ப் தோற்றுவிடும். இது குறை என்று நினைக்காதீர்கள். வேறு வகை, அவ்வளவுதான்.

5. எனக்கு எத்தனை வாட் வேணும்? 35 வாட் போதுமா?

வாட்டைத் தனியாகப் பார்க்காமல் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியோடு சேர்த்துப் பாருங்கள். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் என்பதே அந்த எண். வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபெல்தான் கூடும், பத்து மடங்கானால் 10. 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 30 வாட் கொடுத்தால் சுமார் 102 டெசிபெல் வரும். 93 டெசிபெல் ஸ்பீக்கர் அதே அளவுக்கு ஏழரை வாட்டிலேயே வந்துவிடும்.

வீட்டில் நாம் கேட்பது சராசரியாக 1 வாட்டுக்கும் கீழேதான். ஆனால் நல்ல பதிவில் உச்சங்கள் சராசரியைவிட 20 டெசிபெல்வரை எகிறும், அதாவது நூறு மடங்கு வாட். கால் வாட்டில் போய்க்கொண்டிருந்த பாட்டு ஒரு கணம் 25 வாட் கேட்கும். மிதமான அறை, 88 டெசிபெலுக்கு மேல் உள்ள ஸ்பீக்கர் என்றால் 35 வாட் தாராளம். 84, 85 டெசிபெல் சின்ன புக்‌ஷெல்ஃப் வைத்துக்கொண்டு சத்தமாகக் கேட்பவர் என்றால், ஹைப்ரிட்டின் 100 வாட் உண்மையிலேயே உதவும்.

6. என் ஸ்பீக்கருக்கு எது பொருந்தும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

எனக்கு இதுதான் முதல் கேள்வியாக வர வேண்டும். பெரும்பாலும் ஆம்ப் வாங்கிய பிறகு வருகிறது. மூன்று எண்களைத் தேடுங்கள்: சென்சிடிவிட்டி, பெயரளவு இம்பீடன்ஸ், அது இறங்கும் அடிமட்டம். 90 டெசிபெலுக்கு மேல், 8 ஓம், அடிமட்டம் 5 அல்லது 6 ஓம் என்றால் விண்டேஜ் வால்வு ஆம்புக்கு அருமையான ஜோடி. 86 டெசிபெல், பெயரளவு 4 ஓம், அடிமட்டம் 3 ஓம் என்றால் யோசிக்காமல் ஹைப்ரிட். அந்த மாதிரி ஸ்பீக்கர்கள் கரண்டுக்கு அலையும். பழைய ஆம்பில் மாட்டினால் பேஸ் குழைந்து, உச்சங்களில் சோர்ந்துவிடும்.

பழைய ஆம்பின் பின்பக்கம் 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் இருக்கும். எண்ணைப் பார்த்து மாட்டிவிட்டு, அடுத்த முனையிலும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 4 ஓம் முனையில் சில சமயம் இறுக்கமாக ஒலிக்கும், வாட் குறையும். ஆம்பை அணைத்துவிட்டே மாற்ற வேண்டும்.

7. ஸ்பீக்கர் மாட்டாம ஆம்பை ஆன் பண்ணலாமா?

வால்வு ஆம்பைக் கூடாது. சுமை இல்லாமல் சிக்னல் போனால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் வோல்டேஜ் எகிறி, இன்சுலேஷன் துளைபடும். ஹைப்ரிட்டுக்குப் பொதுவாக இந்தப் பயம் இல்லை, அதற்கு எமன் ஷார்ட் சர்க்யூட். ஸ்பீக்கர் ஒயரின் இழைகள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. பரண்ல கிடந்த ஆம்ப் ஒண்ணு கிடைச்சிருக்கு. நேரா பிளக்ல செருகிப் பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். என் இரண்டாவது வால்வு ஆம்பை 'நன்றாக ஓடுகிறது' என்ற ஒருவரின் வார்த்தையை நம்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் ஆசையில் செருகிவிட்டேன். பத்து நிமிடம் அழகாகப் பாடியது. அப்புறம் ஒரு பவர் வால்வுக்குள் இருக்கும் உலோகத் தகடு செக்கச் சிவந்தது. ஓடிப்போய் அணைப்பதற்குள் ஒரு பக்க அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. அதற்கு நிகரான ஒன்றைச் சுற்றி வாங்க எட்டு மாதம் ஆனது.

காரணம் சின்னது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு சிக்னலைக் கடத்தும் காகிதக் கெபாசிட்டர் வயதாகி, டிசி வோல்டேஜைக் கசிய விட்டிருந்தது. பவர் வால்வுக்குள் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலையான கிரிட்டில் இருக்க வேண்டிய நெகட்டிவ் வோல்டேஜ் கரைந்துபோனதும் வால்வு கட்டுமீறிக் கரண்டை இழுத்தது. விலை மிகக் குறைவான ஒரு சின்னப் பாகம், மாற்றே கிடைக்காத பாகத்தைக் கொன்றுவிட்டது. பவர் சப்ளையில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களும் பல வருடம் சும்மா கிடந்தால் காய்ந்துபோகும்.

தெரிந்த மெக்கானிக் முதலில் இந்தக் கெபாசிட்டர்களைச் சோதிப்பார். பிறகு ஒரு பழைய இழை பல்பைத் தொடரில் போட்டு ஆன் செய்வார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், ஆம்ப் பிழைக்கும். 'வேரியாக்கை (வோல்டேஜைத் திருப்பிக் கூட்டிக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர்) வைத்து மெல்ல மெல்ல ஏற்றினால் போதும்' என்ற யோசனை, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரும் வால்வாக உள்ள ஆம்பில் பாதிதான் பலிக்கும், ஏனென்றால் இழை போதுமான அளவு சூடாகும்வரை அந்த ரெக்டிஃபையர் எதையும் கடத்தாது.

9. 'ரெஸ்டோர் பண்ணது'ன்னு சொல்லி விக்கிறாங்க. என்ன கேட்டு உறுதிப்படுத்தணும்?

அந்தச் சொல்லுக்குத் துடைத்துப் பாலிஷ் போட்டது என்பதிலிருந்து மொத்தமாகப் புதுப்பித்தது என்பதுவரை எல்லா அர்த்தமும் உண்டு. எந்தெந்தக் கெபாசிட்டர் மாற்றினீர்கள், மதிப்பு மாறிப்போன கார்பன் ரெசிஸ்டர்களை அளந்தீர்களா, செலினியம் ரெக்டிஃபையர் இருந்தால் மாற்றினீர்களா, பயாஸ் (13ஆம் கேள்வி) எவ்வளவு வைத்தீர்கள், ட்ரான்ஸ்ஃபார்மர்கள் அசலா என்று கேளுங்கள். உண்மையாக வேலை செய்தவர் உற்சாகமாகப் பதில் சொல்வார், உள்ளே எடுத்த படமும் வைத்திருப்பார். எர்த் ஒயரோடு மூன்று முனை பிளக் போட்டார்களா என்பதையும் கேளுங்கள். அந்தக் காலத்தில் பல ஆம்ப்களில் இரண்டு முனைதான். சிலவற்றில் மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்கு, அதாவது உலோக உடலுக்கு, ஒரு கெபாசிட்டரும் போட்டிருப்பார்கள். அது ஷார்ட் ஆனால் தொடுகிற உலோகமெல்லாம் கரண்ட்.

10. நேர்ல பார்க்கும்போது நானே எதையெல்லாம் கவனிக்கலாம்?

வால்வின் கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு போல ஒரு திட்டு இருக்கும். அது பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வு முடிந்தது. ஓடும்போது கண்ணாடியின் உட்புறம் படியும் நீல ஒளி கெடுதல் இல்லை. தகடுகளுக்கு நடுவே ஊதா கலந்த ரோஜா நிறத்தில் புகைபோலத் தெரிந்தால் கெடுதல். அறை விளக்கை அணைத்து, எந்தத் தகடாவது சிவக்கிறதா என்று 20 நிமிடமாவது பாருங்கள். 8ஆம் கேள்வியில் நான் பார்க்கத் தவறியது இதைத்தான்.

வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஸ்பீக்கரின் அருகே காதை வையுங்கள். லேசான ஹம் சகஜம். உட்காரும் இடத்தில் கேட்டால் பவர் சப்ளையில் வேலை இருக்கிறது. ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து தார் ஒழுகிய தடமோ கருகிய வாசனையோ இருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். மற்ற எதையும் மாற்றலாம், அசல் ட்ரான்ஸ்ஃபார்மர் போனால் அந்த ஆம்பின் குரலே போன மாதிரி.

11. வால்வு எத்தனை நாள் வரும்? இப்பவும் கிடைக்குதா?

பவர் வால்வு பொதுவாக 2,000 முதல் 5,000 மணி நேரம். தினம் 3 மணி நேரம் கேட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 1,100 மணி, ஆக இரண்டு முதல் நாலரை வருடம். முன்பக்கச் சின்ன வால்வுகள் 10,000 மணியைத் தொடுவதும் உண்டு. ஹைப்ரிட்டில் இருப்பது சின்ன வால்வு மட்டும் என்பதால் அந்தக் கவலை மிகக் குறைவு.

இன்றைய உற்பத்தி பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய இடங்களில். இஎல்34, கேடி88, ஈசிசி83 என்ற 12ஏஎக்ஸ்7, ஈசிசி88 எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். சிக்கல், அதிகம் பேசப்படாத வால்வுகளில்தான். டைனாக்கோ ஸ்டீரியோ 70இன் பவர் வால்வு இஎல்34 எங்கும் உண்டு. அதன் டிரைவர் வால்வு (பவர் வால்வுக்கு முன்னால் நின்று அதை ஓட்டுவது) 7199 அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை, பழைய இருப்பைத் தேட வேண்டும் அல்லது வேறு வால்வுக்கேற்ற போர்டு போட வேண்டும். ஆகவே வாங்குவதற்கு முன் ஆம்பில் உள்ள ஒவ்வொரு வால்வின் எண்ணையும் எழுதித் தேடிப் பாருங்கள், பெரியதை மட்டும் அல்ல.

12. சூடு, மின்செலவு எப்படி?

ஓர் இஎல்34இன் இழை மட்டும் 6.3 வோல்ட், 1.5 ஆம்பியர், அதாவது ஒன்பதரை வாட் எடுக்கும். நான்கு வால்வு என்றால், பாட்டே ஓடாமல் 38 வாட் சூடாகப் போகிறது. மற்ற கரண்டும் சேர்ந்தால் சின்ன ஹீட்டர்தான். ஹைப்ரிட்டின் இரண்டு 12ஏஎக்ஸ்7க்கு இழைச் செலவு மொத்தம் 4 வாட்டுக்கும் கீழே. வால்வு ஆம்பை நாள் முழுக்க ஆன் செய்து வைக்காதீர்கள், கேட்பதற்கு 20 நிமிடம் முன்னால் போட்டால் போதும்.

13. பயாஸ்னு சொல்றீங்களே, அது என்ன? ஹைப்ரிட்லயும் பண்ணணுமா?

சிக்னல் இல்லாதபோது பவர் வால்வில் ஓட வேண்டிய கரண்டை நிர்ணயிப்பதுதான் பயாஸ். கூடினால் வால்வு சீக்கிரம் சாகும், குறைந்தால் சன்னமான இடங்களில் ஒலி கரகரக்கும். சில ஆம்ப்களில் தானே சரிசெய்துகொள்ளும், சிலவற்றில் மல்டிமீட்டர் வைத்து ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். வால்வு மாற்றும்போதும், அதன் பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறையும் பார்த்தால் நல்லது. பவர் வால்வை ஒரே அளவு கரண்ட் எடுக்கும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஹைப்ரிட்டில் உங்களுக்கு இந்த வேலை பொதுவாக இல்லை.

14. வேற கம்பெனி வால்வு போட்டா சவுண்ட் மாறும்னு சொல்றாங்க, உண்மையா?

கொஞ்சம் மாறும், சொல்லப்படும் அளவுக்கு இல்லை. பல சமயம் மாறியதாகத் தெரிவது, தேய்ந்த வால்வை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டதால்தான். ஹைப்ரிட்டில் ஃபீட்பேக் வால்வையும் சுற்றி இருந்தால், 4ஆம் பதிலில் சொன்ன காரணத்தால் மாற்றம் இன்னும் சிறியது. அந்தப் பணத்தை முதலில் ஸ்பீக்கர் வைக்கும் இடத்துக்கும் அறைக்கும் செலவிடுங்கள் என்பேன். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மைக்ரோஃபோனிக் இல்லாத வால்வாகப் பாருங்கள். பென்சிலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் மணிபோல் ஒலிக்கிற வால்வு வேண்டாம்.

15. புது டிஜிட்டல் பிளேயரைப் பழைய ஆம்ப்ல மாட்டினா, வால்யூம் லேசா திருப்பினதுமே கத்துது. ஏன்?

வால்யூம் குமிழ் உள்ள அந்தக் கால ஆம்ப்கள் பெரும்பாலும் அரை வோல்ட்டுக்கும் குறைந்த சிக்னலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. சிடி பிளேயர், டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக மாற்றும் பெட்டி) எல்லாம் 2 வோல்ட் தரும். ஆம்ப் கெட்டுப்போகவில்லை, நுழைவாயிலிலேயே வெள்ளம். சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டரைக் கேபிளில் போட்டால் வால்யூம் குமிழ் தன் முழு வட்டத்துக்கும் பயன்படும். 'ஃபோனோ', 'டேப் ஹெட்' என்று எழுதிய துளையில் மட்டும் டிஏசியை மாட்டாதீர்கள், அங்கே பேஸைத் தூக்கி ட்ரெபிளைக் குறைக்கும் திருத்தமும் சேர்ந்து நடக்கும். இசைத்தட்டுகளுக்கு இந்தத் திருத்தம், ஆர்ஐஏஏ என்ற பெயரில், பொது அளவாக நிலைபெற்றது 1954இல். அதற்கு முந்தைய ப்ரீஆம்பில் (பவர் ஆம்புக்கு முன்னால் சிக்னலைத் தயார்செய்யும் பகுதி) தட்டு கேட்டால்கூட டோன் கொஞ்சம் விலகி இருக்கலாம்.

16. ஹைப்ரிட்ல வால்வு சும்மா அலங்காரத்துக்குத்தான்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார்.

சிலவற்றில் அவர் சொல்வது சரி. வால்வின் அடியில் ஆரஞ்சு எல்இடி வைத்து, வால்வை ஒலியைப் பெருக்காத ஒரு சாதாரண பஃபராக மட்டும் போட்ட மலிவு ஆம்ப்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். வால்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அதற்கு எவ்வளவு ஹெச்டி (வால்வை ஓட்டும் உயர் டிசி) வோல்டேஜ், ஃபீட்பேக் அதைச் சுற்றி இருக்கிறதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். நேர்மையான தயாரிப்பாளர் இவற்றை விவரப் பக்கத்திலேயே எழுதியிருப்பார். வால்வைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்க்கும் சோதனை வேண்டாம், சில டிசைன்களில் அவுட்புட்டில் டிசி ஏறி ஸ்பீக்கர் எரியும்.

வெற்றிட ஒளிர்திரைத் தொழில்நுட்பத்தில் ஜப்பானின் கோர்க் நிறுவனம் கொண்டுவந்த நியூட்யூப் என்ற சில்லு வடிவ வால்வும் சில ஹைப்ரிட்களில் இருக்கிறது. பார்க்க வால்வு போலவே இருக்காது, ஆனால் உள்ளே நடப்பது அசல் வால்வு வேலைதான்.

17. இருபது வருஷம் கழிச்சும் எது ஓடும்?

பலருக்கு இந்தப் பதில் வியப்பாக இருக்கும். ட்ரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருந்து, முறையாகப் புதுப்பித்த 60 வயது வால்வு ஆம்ப்தான் என் பந்தயம். அதன் சர்க்யூட் ஒரே தாளில் அடங்கும், அந்தத் தாள் எல்லோரிடமும் இருக்கிறது. பாகங்கள் கையால் சால்டர் செய்யும் அளவில் இருக்கும், எந்த நாட்டு மெக்கானிக்கும் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

ஹைப்ரிட்டில் கண்ட்ரோலர் சிப், ப்ளூடூத் மாட்யூல், கிளாஸ் டி போர்டு எல்லாம் அந்தந்தக் கம்பெனிக்கே உரியவை. முதல் பத்து வருடம் தொந்தரவே இருக்காது. அதன் பிறகு ஒரு சிப் போய், கம்பெனி அந்த மாடலை மறந்திருந்தால், மொத்த ஆம்பும் முடங்கலாம். வாங்கும்போதே சர்வீஸ் மேனுவல் கிடைக்குமா என்று கேளுங்கள். ஆனால் ஒன்று: வால்வு தெரிந்த ஆள் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இல்லை என்றால் என் பந்தயம் தலைகீழ். அப்படிப்பட்டவர்களுக்கு நான் தயங்காமல் ஹைப்ரிட்டைத்தான் சொல்கிறேன்.

18. வீட்ல சின்னக் குழந்தைங்க இருக்காங்க. வால்வு ஆம்ப் ஆபத்தா?

பவர் வால்வின் கண்ணாடி, தொட்டால் கொப்பளிக்கும் சூட்டில் இருக்கும். கம்பிக் கூண்டு உள்ள மாடலை வாங்கி, கூண்டைக் கழற்றாமல் எட்டாத உயரத்தில் வையுங்கள். அதைவிடப் பெரிய ஆபத்து அடிப்பக்கம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும், அது உயிரைப் பறிக்கும். பெரியவர்களாகவே இருந்தாலும், கெபாசிட்டரை வடிக்கத் தெரியாமல் அடிமூடியைத் திறக்காதீர்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் மூடிய பெட்டி ஹைப்ரிட்டையே சொல்வேன்.

19. 220 வோல்ட்னு எழுதியிருக்கு, எங்க வீட்ல 240 வருது. பரவாயில்லையா?

9 சதவீதம் கூடுதல். இழைக்கு 6.3க்குப் பதில் ஏறக்குறைய 6.9 வோல்ட் போகும், ஹெச்டியும் அதே விகிதத்தில் ஏறும், பவர் வால்வும் ட்ரான்ஸ்ஃபார்மரும் எப்போதும் எல்லையில் ஓடும். 115 வோல்ட்டுக்குச் செய்ததை 125இல் ஓட்டினாலும் இதே கதைதான். ஆம்பின் பின்னால் வோல்டேஜ் மாற்றும் முனை இருந்தால் உயர்ந்ததற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் 20 வோல்ட் குறைத்துத் தரும் சின்ன ட்ரான்ஸ்ஃபார்மரை முன்னால் போடச் சொல்லுங்கள். புதிய ஹைப்ரிட்டுக்கு இந்த ஏற்ற இறக்கம் பொதுவாக ஒரு பொருட்டே இல்லை.

20. வால்வு ப்ரீஆம்ப் தனியா, ட்ரான்சிஸ்டர் பவர் ஆம்ப் தனியா வாங்கினா அதுவும் ஹைப்ரிட்தானே?

ஆமாம், இரண்டு பெட்டியில் இருக்கும் ஹைப்ரிட். நன்மை, ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது, ப்ரீஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸைப் போல் குறைந்தது பத்து மடங்காவது பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் இருக்க வேண்டும். வால்வு ப்ரீஆம்ப் சில ஆயிரம் ஓம் காட்டும், பவர் ஆம்ப் 10,000 ஓம்தான் என்றால் பேஸ் மெலியும். இதை விட்டு, இன்றைக்கும் புதிதாகத் தயாராகும் முழு வால்வு ஆம்ப் வாங்குவதும் நல்ல வழி. 8, 9ஆம் கேள்விகளின் கவலை போய்விடும், 11 முதல் 13 வரை உள்ளவை அப்படியே இருக்கும்.

21. எனக்குப் பிடிச்சது வால்வா, இல்ல அந்த அவுட்புட் இம்பீடன்ஸா? வாங்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. உங்களிடம் இருக்கும் ட்ரான்சிஸ்டர் அல்லது ஹைப்ரிட் ஆம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரின் சிவப்பு ஒயரிலும் 1 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேருங்கள். 3ஆம் பதிலில் சொன்ன 1 ஓம் அவுட்புட் இம்பீடன்ஸ் இப்போது உங்கள் ஆம்புக்கும் வந்துவிட்டது. வழக்கமான சத்தத்தில் நன்றாகத் தெரிந்த பத்து பாட்டுகளைக் கேளுங்கள். ரெசிஸ்டர் கொஞ்சம் சூடாகும், துணி, காகிதம் எதுவும் படாமல் வையுங்கள்.

இந்தத் திசையில் யோசித்தது நான் முதல் ஆள் இல்லை. 1985இல் பாப் கார்வர் என்ற பொறியாளர், தன் ட்ரான்சிஸ்டர் ஆம்பைத் திருத்தி ஒரு விலையுயர்ந்த ஆம்பின் ஒலிக்கு ஒப்பாக்கிக் காட்டினார். ஸ்டீரியோஃபைல் இதழைச் சேர்ந்தவர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ரெசிஸ்டர் போட்டதும் 'இதுதான், இதைத்தான் தேடினேன்' என்று தோன்றினால், உங்கள் ஸ்பீக்கர் வால்வு ஆம்போடு ஒத்துப்போகும். பழையதைத் தேடக் கிளம்பலாம், 9, 10ஆம் பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு. பேஸ் குழைந்து, பாட்டு மந்தமாகிவிட்டது என்று தோன்றினால் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு ஒரு நல்ல ஹைப்ரிட் வாங்குங்கள். எந்த வித்தியாசமும் தெரியவில்லையா? ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் சமமாக இருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஆம்பை விட்டுவிட்டு அடுத்த ஸ்பீக்கருக்குப் பணம் சேருங்கள்.